தூது போக மாட்டேன்

என் தங்கைக்கு இருப்பது ஒரு வாய்தான். அதை வைத்து மூன்று பேருக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

பொறியியல் கடைசி வருடம். அவளும் இரண்டு பையன்களும் சேர்ந்து, படியில் இறங்கும் நாற்காலி ஒன்றைச் செய்தார்கள். எல்லாம் எங்கள் அப்பாவுக்காக. பக்கவாதம் வந்தபின் மூன்றாம் மாடியிலிருந்து அவர் இறங்குவதென்றால் என் முதுகில்தான். "மூட்டை மாதிரி போக வெக்கமா இருக்குடா" என்று வெளியே போவதையே விட்டுவிட்டார்.

நாற்காலியின் இரும்புச் சட்டத்தை வெல்டிங் செய்தவனுக்குப் பட்டப்பெயர் கம்பி. மோட்டாரைக் கவனித்தவனுக்குப் பேட்டரி. இரண்டு பேருக்கும் ஏதோ சண்டை, பேச்சுவார்த்தை கிடையாது. பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்துகொண்டு, "அவன்கிட்ட சொல்லிடு" என்று இவளுக்குப் போன் செய்வார்கள். கர்மம்! அவளைச் சாப்பாட்டில் கை வைக்க விடமாட்டார்கள்.

"ரெண்டு பேரையும் தலைமுழுகித் தொலை" என்றேன்.

"அப்புறம் அப்பா எப்படிண்ணா இறங்குவாரு?"



வெள்ளோட்ட நாளன்று அப்பா சட்டையை இஸ்திரி போடச் சொல்லி மாட்டிக்கொண்டார். நாற்காலி அழகாகத்தான் இறங்கியது. முதல் திருப்பத்தில் சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை.

காரணம், பக்கவாட்டில் நான்கு விரல் நீட்டிக்கொண்டிருந்த புதுப் பெட்டி.

"பெரிய பேட்டரி போட்டதை ஏன்டா சொல்லல?" தங்கை கத்தினாள்.

"நீ பரீட்சையில இருந்தியே, நான் யார்கிட்ட சொல்றது?" என்றான் பேட்டரி.

"பக்கத்துல கம்பி குத்துக்கல்லாட்டம் உக்காந்திருந்தானே!"

கம்பி அவளைப் பார்த்து, "பெட்டியைக் கழட்டச் சொல்லு" என்றான். "முதல்ல அவனைச் சட்டத்தைத் தூக்கச் சொல்லு" என்றான் பேட்டரி. நடுவில் பெல்ட் கட்டிய அப்பா, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கை படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "இனிமே ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நீங்களே பேசிக்கோங்க."

அப்பாடா, இப்போதாவது என்று நினைத்தேன். கம்பி என் பக்கம் திரும்பினான்.

"அண்ணா, நீங்களாவது அவன்கிட்ட சொல்லுங்களேன்."

நான் பெல்ட்டை அவிழ்த்தேன். அப்பா என் முதுகில் சாய்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டார். மறுபடி மேலே ஏறினோம்.