லண்டன் வழியாக அக்குறணை

மூன்றாவது நாளாக முகநூலும் வட்ஸ்அப்பும் தடை. அக்குறணையில் எங்கள் ஆட்களின் கடைகளை எரித்தவர்களைத் தடுக்க முடியாத அரசாங்கம், எங்கள் போன்களை மட்டும் ஒழுங்காகத் தடுத்திருக்கிறது.

ஊரடங்கு தளர்ந்த நேரத்தில் பக்கத்து வீட்டு ராத்தா போனோடு வந்தார்.

"நீங்க கம்பியூட்டர் படிச்ச ஆள்தானே. அந்த வீபிஎன்ன எனக்கும் போட்டுத் தாங்க."

போன் வேறொரு நாட்டில் இருப்பதாகக் காட்டித் தடையைத் தாண்டும் செயலி அது. போட்டதும் நாடுகளின் பட்டியல் வந்தது.

"எத அமத்துற?"

"சிங்கப்பூர், ராத்தா. கிட்ட இருக்கிறதால வேகமா வேல செய்யும்."

"நீங்களும் அதுதானா?"

"ஓ" என்றேன். பொய்.

கணவர் லண்டனில் வேலை செய்கிறார். தடை வந்த நாளிலிருந்து நான் லண்டனைத்தான் அழுத்துகிறேன். அதனால் அவர் ஓர் அடிகூடக் கிட்ட வரமாட்டார் என்று படித்த எனக்குத் தெரியும். ஆனால் நான் வாசிக்கும் மாயாஜால நாவல்களின் முதல் பக்கத்தில் ஒரு வரைபடம் இருக்கும். அதில் விரலை வைத்துப் பழகிவிட்டேன்.

இன்று வட்ஸ்அப் வீடியோ அழைப்பில் மகள் ஸலாம் சொன்னபோது அவர் முகம் திறந்த வாயோடு நின்றுவிட்டது.

"வாப்பா ஏன் அசையுறாரில்ல?"

சிங்கப்பூருக்கு மாற்றித் திரும்ப எடுத்தேன். உடனே அசைந்தார். "கதவெல்லாம் பூட்டியா?" என்று கேட்டார். மகள் திரையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பேசி முடித்ததும் லண்டனுக்கே திரும்பிவிட்டேன். இந்தப் பதிவு அங்கிருந்துதான் வருகிறது.

நீங்களெல்லாம் இன்றைக்கு எந்த நாட்டில்?