கரட்டடிப் புஞ்சையின் நிறம்

வெளிநாட்டு மாணவர்கள் வருகிறார்கள், விவசாயத்தையும் கிராமத்து நிலங்களையும் பற்றிப் பத்து நாள் கருத்தரங்கு, இங்கிலீஷ் பேசத் தெரிந்தவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று எங்கள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்கள். முழுதாகப் படித்து முடிப்பதற்குள் பெயரைக் கொடுத்துவிட்டேன். இது நடந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அன்றைய வேகத்தை நினைத்தால் இப்போதே கூச்சமாக இருக்கிறது.

எனக்கு ஜோடியாக வந்தவள் ஹாலந்து நாட்டு மாணவி. வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் கரடு என்று சொல்லும் கல்லுக் குன்றை ஒட்டிய நிலங்களை நடந்து பார்த்து, எந்தத் துண்டில் என்ன விளைகிறது, யார் உழுகிறார்கள் என்று வரைபடம் போடுவது எங்கள் வேலை. நஞ்சைக்குப் பச்சை, புஞ்சைக்கு மஞ்சள், முள்காட்டுக்குப் பழுப்பு. கடைசி நாள் எல்லாப் படங்களையும் கல்லூரி மண்டபத்தில் மாட்டுவார்கள். பார்க்க ஊர்க்காரர்களையும் பஸ் வைத்து அழைத்து வருவார்கள்.

ஊரில் எங்களை யாரும் நம்பவில்லை. நாங்கள் உட்கார்ந்ததும் டீக்கடை பெஞ்சு காலியானது. ஒருவர், குடும்பக் கட்டுப்பாட்டு ஆட்களா என்று கேட்டார். மில் கட்ட இடம் பார்க்கிறார்கள் என்று இன்னொருவர் முடிவே கட்டிவிட்டார். படிப்புக்காக வந்திருக்கிறோம் என்றேன். வெள்ளைக்காரப் புள்ள எங்க ஊரு கம்பங்காட்டப் படிக்கவா ப்ளேன் ஏறி வந்துச்சு என்று டீ ஆற்றிக்கொண்டே கடைக்காரர் கேட்டார். உண்மையில் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. வேலி முள்ளைக்கூட அவள் படம் பிடித்தாள். இதெல்லாம் எங்கே போய்ச் சேரும் என்று கேட்டதற்கு, தன் பேராசிரியரிடம் என்றாள். அவர் யாரிடம் கொடுப்பார் என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கரட்டடியில் நாற்பது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருவர் தனியாளாகக் கடலைக்குக் களையெடுத்துக்கொண்டிருந்தார். பொறுக்கிய கல்லெல்லாம் நாலு பக்கமும் இடுப்புயரத்துக்குக் குவிந்து கிடந்தது. இந்த இடத்துக்குப் பட்டா உண்டா என்று கேட்டேன். எடுத்த எடுப்பில் அதைக் கேட்டிருக்கக் கூடாது.

“யாரு கேக்கச் சொன்னா?” அவர் குனிந்த தலை நிமிரவில்லை.

“யாருமில்லக்கா. படிப்புக்குத்தான்.”

“படிப்புக்குப் பட்டா எதுக்கு?”

களையெடுத்தபடியே அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். மிச்சத்தையெல்லாம் பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னார். பம்புசெட்டும் தென்னையும் உள்ளவர். எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். அந்தம்மா உழுவது அரசாங்கத் தரிசு, எந்நேரமும் காலி பண்ணச் சொல்லலாம் என்றார். “முள்ளுக்காடுன்னே போட்டுக்கங்க மாப்ள. அதான் அந்தம்மாவுக்கும் நல்லது.” இவருக்கு எதற்கு இம்புட்டு அக்கறை என்று எனக்கு உறுத்தியது. மாணவியோ கண்ணால் பார்த்ததைத்தான் போடுவேன் என்று மஞ்சள் பூசி, கடலை என்று எழுதினாள்.

எட்டாம் நாள், கண்காட்சியைத் திறந்துவைக்கத் தாசில்தார் வருகிறார் என்று அறிவித்தார்கள். பட்டா இல்லாத நிலத்தை மஞ்சள் பூசி அவர் கண்ணுக்கு நேரே மாட்டப் போகிறோம். அந்த அம்மாளை நாங்களே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். மத்தியானம் மாணவி கோச்சடையில் தான் தங்கியிருந்த வீட்டுக்குச் சாப்பிடப் போன நேரத்தில், கடலை என்ற எழுத்தை ரப்பரால் அழித்தேன். மஞ்சளைச் சுரண்டிவிட்டுப் பழுப்பு பூசினேன். அவள் திரும்பி வருவதற்குள் படத்தைச் சுருட்டி, மண்டபத்தில் மாட்டக் கொடுத்துவிட்டேன். ஒரு குடும்பத்தின் நிலத்தைக் காப்பாற்றிவிட்ட மிதப்பில் வீட்டுக்குப் போனேன்.

கடைசி நாள் காலை அந்த அம்மாளும் பஸ்ஸில் வந்து இறங்கினார். கக்கத்தில் ஒரு துணிப்பை. ஊர்க்காரர்கள் மற்றப் படங்களைக் காட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்க, இவர் நேராக எங்கள் படத்துக்கு வந்தார். எழுத்து தெரியாதவர். ஆனால் கரட்டைக் கண்டுபிடித்தார், ஓடையைக் கண்டுபிடித்தார், விரலை மெல்ல நகர்த்தித் தன் இடத்தில் நிறுத்தினார். இது என்ன நிறம் என்றார். முள்காடு என்றேன், ரகசியம் சொல்வது போல.

“பதினாலு வருசமா அதுல உழுதது ஆரு, நீயா?”

தாசில்தார் வருகிறார், தெரிந்தால் ஆபத்து, அதனால்தான் மாற்றினேன் என்று அவசரமாக விளக்கினேன். அவர் பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார். ஆக்கிரமிப்பு என்று தாலுகா ஆபீஸிலிருந்து வருஷாவருஷம் வரும் பி-மெமோ சீட்டுகள். அப்படிப்பட்ட சீட்டு வெறும் மிரட்டல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கரட்டடியில் உழுகிறவர்களுக்கு அவைதான் பத்திரம். ஆக்கிரமித்திருக்கிறாய் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்தால், அங்கே உழுவது நீதான் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? சீட்டு வராவிட்டால் தலையாரியிடம் நடையாய் நடந்து வாங்குவார்களாம். இவருக்கு இரண்டு வருஷமாகச் சீட்டு வரவில்லை. அது வெறும் முள்காடு என்று பார்வையிட வந்தவர்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பட்டா கேட்டு இவர் மனுப் போட்டிருக்கிறார், அதே இடத்துக்குத் தோட்டக்காரரும் போட்டிருக்கிறார். தாசில்தார் பார்க்கும் தாளில் தன் புஞ்சை இருக்கும் என்று நம்பித்தான் வந்திருக்கிறார்.

“எளநி குடிச்சீகள்ல. அதான் அவுக சொன்னபடியே போட்டிருக்க.”

இல்லை என்று சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. மாணவியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் சிவந்துவிட்டது. வேறு எதையெல்லாம் மாற்றினாய் என்றாள். எதையும் இல்லை என்றேன். இத்தனை நாள் நீ மொழிபெயர்த்ததிலுமா என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை.

பழுப்பை அழிக்க ரப்பரை எடுத்தேன். அந்த அம்மாள் என் கையைத் தட்டிவிட்டார்.

“அழிச்சு எழுதுனத எந்த ஆபீசுல ஒத்துக்குவாக? புதுசாப் போடச் சொல்லு.”

தாசில்தார் வர ஒரு மணி நேரம் இருந்தது. மாணவி புதுத் தாளை விரித்தாள். தாள் நகராமல் பிடிக்கப் போனேன். அந்தப் புள்ளயே போடட்டும், நீ தள்ளி நில்லுய்யா என்றார் அந்த அம்மாள். தூணோரம் போய் நின்றேன். கரடு, ஓடை, தென்னந்தோப்பு என்று மாணவி ஒவ்வொன்றாகப் போட்டு முடிக்கும் வரை அவர் மேஜையை விட்டு அசையவில்லை. மஞ்சள் பூசும்போது கோடு எங்கே முடிய வேண்டும் என்று தோட்டக்காரர் நிலத்துப் பக்கம் விரலை வைத்துக் காட்டினார்.

தாசில்தார் அந்தப் படத்தின் முன் நின்றபோது அந்த அம்மாள் சீட்டுக்கட்டை நீட்டினார். அவர் புரட்டிப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், நேரில் வந்து பார்க்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார்.

“சொன்னாப் பத்தாதுங்கய்யா. என்னைக்குன்னு எழுதிக் குடுங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தாசில்தார் சிரிக்காமல் ஒரு சீட்டின் பின்புறம் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதைப் படித்துச் சொல்ல அந்த அம்மாள் ஆள் தேடினார். நான் ஓரடி முன்னால் வந்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய், வாசலில் நின்ற பஸ் டிரைவரிடம் நீட்டினார்.