பத்து வோல்ட்டில் கிடைத்த இருபது நிமிடம்

என் மனைவி வசந்தி ஏழு மாதம் புற்றுநோயோடு கிடந்தாள். தொடக்கத்திலிருந்தே முருகனிடம் அவள் உயிரைக் கேட்டேன். நேர்த்தி வைத்தேன். விரதம் இருந்தேன். கார்த்திகை முடியும்போது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றோடு கோயிலுக்குப் போவதை விட்டேன். கேட்டு என்ன பயன் என்று இருந்தது.

போன தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, கோட்-டெ-நெய்ஜ் பக்கத்தில் வசந்தி இருந்த ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. உடனே வரச் சொன்னார்கள். நாங்கள் இருப்பது ஆற்றுக்கு அக்கரையில், லவாலில். மகள் துளசியை ஏற்றிக்கொண்டு, சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் என் பழைய வான் வண்டியில் புறப்பட்டேன். பற்றரிக்குச் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க அதில் நானே ஒரு வோல்ட்மீட்டர் பூட்டியிருந்தேன். எஞ்சின் ஓடும்போது முள் பதினாலில் நிற்கும்.

பாலத்தில் ஏறும்போது பார்த்தேன். முள் பன்னிரண்டுக்குக் கீழே. பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் அல்டர்னேட்டர் செத்துவிட்டது. இனிப் பற்றரியில் மிச்சமிருப்பதுதான். அது தீர்ந்தால் எஞ்சின் நடுவழியில் நின்றுவிடும். வெளியே பனி கொட்டியது. வாகனங்கள் ஊர்ந்தன. ஹீட்டர், ரேடியோ, பின்கண்ணாடிச் சூடு எல்லாவற்றையும் நிறுத்தினேன். வைப்பரையும் இடைக்கிடைதான் போட்டேன். முன்கண்ணாடியில் எங்கள் மூச்சு புகாராய்ப் படியப் படியத் துளசி கையால் துடைத்தாள்.

"அப்பா, நிப்பாட்டிப்போட்டு டாக்ஸி பிடிப்பமே?"

"பாலத்தில எங்க பிள்ளை டாக்ஸி வரும்? அம்மா பாத்துக்கொண்டிருப்பா."

முள் பதினொன்றையும் விட்டு இறங்கியது. அப்போதுதான், எத்தனையோ நாளுக்குப் பிறகு, வாய்விட்டுக் கேட்டேன். "முருகா, அவளின்ர உயிரை இனிக் கேக்கமாட்டன். அவள் தனியப் போகக்கூடாது. எங்களை அங்க கொண்டுபோய் விடு."

முள் பத்துக்கு வந்தது. எஞ்சின் விட்டு விட்டு இழுத்தது. ஆனால் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை நிற்கவில்லை. அங்கே நிறுத்திய பிறகு அது திரும்ப ஸ்டார்ட் வரவில்லை. கட்டி இழுத்துக்கொண்டுதான் போனார்கள்.

வசந்தி கண் விழித்திருந்தாள். "வந்திட்டியளே," என்றாள். துளசியின் கையைத் தொட்டுப் பார்த்தாள். "பிள்ளைக்குக் குளிருது, போர்த்துவிடுங்கோ."

அதற்குப் பிறகு இருபது நிமிடத்தில், எங்கள் இரண்டு பேரின் கையையும் பிடித்தபடியே போய்விட்டாள்.

அவள் இல்லாத வீடு எனக்கு இன்னும் பழகவில்லை. துளசி சமைத்து வைப்பாள், இரண்டு பேருமே சாப்பிடமாட்டோம். ஏன் அவளைத் தரவில்லை என்று இன்றும் முருகனிடம் கேட்கிறேன். ஆனால் கடைசியாகக் கேட்ட ஒன்றை அவன் தந்தான். இப்போது சனிக்கிழமைகளில், வாகனம் இல்லாத குடும்பங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகிறேன். யாரும் பிந்திப் போய்ச் சேரக்கூடாது என்பதுதான் என் நினைப்பு.

உங்களில் யாராவது கேட்டது கிடைக்காமல் முருகனோடு கோபித்துக்கொண்டிருந்தால், அந்தக் கோபத்தோடேயே அவனோடு கதையுங்கள். என் கோபமும் இன்னும் முழுதாக ஆறவில்லை. என்றாலும் அந்த இருபது நிமிடத்துக்கு நன்றி சொல்லாமல் ஒரு நாளும் நான் படுப்பதில்லை.