சாயங்காலம் மட்டும் வந்த வியாதி

புடவை விற்கிறவனுக்குக் கை சலிக்கக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. இரண்டுமே ஒரே வருஷத்தில் என் பேச்சைக் கேட்காமல் போய்விட்டன. அப்போது செல்போனில் இன்கமிங் கால் இலவசமான புதுசு. தாம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நின்றுகொண்டிருந்தேன். என்ன வியாதி என்றே தெரியாமல் டாக்டர் டாக்டராக அலைந்தவர்கள் உங்களில் இருந்தால், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், நானும் வருகிறேன்.

கண்ணடித்த கதை

முதலில் மக்கர் பண்ணியது இடது கண் இமை. காலையில் கடை திறக்கும்போது சமத்தாக இருக்கும். விளக்குப் போடுகிற நேரமானால் தானாக இறங்கிவிடும். கஷ்டப்பட்டுத் தூக்குவேன், மறுபடி இறங்கும். பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

ரிட்டையரான ஹெட்மிஸ்ட்ரஸ் ஒருவர் சிட்லபாக்கத்திலிருந்து கணவரோடு வந்திருந்தார். "இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கும் மேடம்" என்று நான் சொல்லவும், இமை இறங்கித் தொலைக்கவும் சரியாக இருந்தது. போச்சுடா, இன்றோடு வேலை காலி என்று நினைத்தேன். அந்தம்மா நிதானமாகக் கணவர் பக்கம் திரும்பினார்.

"பாருங்க, இந்த வயசுல எனக்குக் கண்ணடிக்க ஒருத்தர் இருக்கார், நீங்கதான் பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்கறதே இல்லை."

கல்யாணப் பெண் நான்தான்

எங்கள் தொழிலில் ஒரு கூத்து உண்டு. பட்டுப் புடவையை விரித்தால் மட்டும் போதாது. விற்கிறவனே கொசுவம் வைத்து, முந்தானையைத் தோளில் போட்டுக் கட்டிக் காட்ட வேண்டும். மீசையோடு அப்படி நிற்பதில் எனக்கு வெட்கமே கிடையாது. அந்தத் திறமைக்குத்தான் முதலாளி எனக்குப் பட்டுப் பிரிவைக் கொடுத்திருந்தார்.

கோவளம் பக்கம் மீன் விற்கிற அம்மா ஒருத்தர், மகள் கல்யாணத்துக்காக உறவு ஜனத்தோடு சாயங்காலம் வந்தார். வழக்கம்போல அரக்குப் புடவையைச் சுற்றிக்கொண்டு முந்தானையைத் தூக்கிப் பிடித்தேன். கை தோளுக்கு மேலே போக மாட்டேன் என்றது. பேச்சும் மூக்கால் வந்தது. புடவையும் நானுமாக ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தம்மா சோடா வாங்கிவரச் சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா அண்ணா, தாலி கட்றதுக்கு முன்னாடியே பொண்ணு இப்டி மயங்கிக்கினு கீதே?"

முதலாளியின் மோப்பம்

கண் சொருகுகிறது, நாக்கு குழறுகிறது, கை தளர்கிறது, அதுவும் இருட்டுகிற நேரத்தில். கடையில் எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். பில் போடுகிற மேரி அக்கா எனக்காக ஜெபம்கூட ஆரம்பித்துவிட்டார். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஊதச் சொல்லி மோந்து பார்த்தார். கிராம்பு வாசனைதான் வந்தது. மனுஷனுக்கு ஏமாற்றம்.

"குடின்னா ஒத்துக்கப்பா, மன்னிச்சுடறேன், வியாதின்னா தீபாவளிக்குள்ள டாக்டர் சீட்டோட வா, இல்லேன்னா பட்டுல வேற ஆளைப் போட்டுடுவேன்."

உள்மடிப்பு

சீட்டுக்கு எங்கே போவது? நான் பார்த்த டாக்டர்கள் எல்லாம் காலையில் பார்க்கிறவர்கள். நானும் லீவு போட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து, பவுடர் பூசி, இஸ்திரி சட்டையோடு போவேன். புடவையில் சின்னக் கறை இருந்தால் அதை உள்மடிப்பில் வைத்து மடிப்பது எங்கள் வழக்கம். டாக்டரைப் பார்த்ததும் அதே புத்தி வந்துவிடும். "எப்படி இருக்கீங்க?" என்றால், "சூப்பரா இருக்கேன் சார்" என்று பல்லைக் காட்டுவேன். ஒருவர் சத்து மாத்திரை கொடுத்தார், ஒருவர் கண்ணாடி கொடுத்தார், ஒருவர் எல்லாம் டென்ஷன் என்றார்.

ஒன்றுமில்லை என்றால் சந்தோஷப்பட வேண்டும்தானே? எனக்கு பஸ் ஸ்டாண்டில் அழுகை வந்தது. ராத்திரி ரசம்கூட விழுங்க முடியாமல் மூக்கில் ஏறும். தூக்கத்தில் மூச்சு நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கும். என் மனைவி விஜயா குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டு மலை ஏறி இறங்கினாள். நான் டாக்டரிடம் பேசும் அழகை ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள், வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க டாக்டர்கிட்ட வியாதியைக் காட்டப் போறீங்களா, நல்லா இருக்கேன்னு விக்கப் போறீங்களா?"

விரித்துக் காட்டினேன்

அடுத்த முறை அவளே ஏற்பாடு பண்ணினாள். பல்லாவரத்தில் சாயங்காலம் பார்க்கிற நரம்பு டாக்டர். கடையிலிருந்து நேராக, பவுடர் இல்லாமல் வரவேண்டும் என்று உத்தரவு. போனேன். அங்கே ஒரே கூட்டம். காத்திருந்து காத்திருந்து சாய்ந்து ஓய்வெடுத்ததில், எங்களைக் கூப்பிடும்போது இமை ஜம்மென்று திறந்துகொண்டது. சனியன், சதி பண்ணிவிட்டது.

டாக்டர் என்னைப் பார்த்தார், தெம்பாக இருந்தேன். விஜயா பையிலிருந்து தன் கல்யாணப் புடவையை எடுத்து என் கையில் கொடுத்தாள். "கட்டிக் காட்டுங்க" என்றாள். ஒரு டாக்டர் அறையில், மீசையோடு, கொசுவம் வைத்து முந்தானையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை நடுங்கி இறங்கியது. பின்னாலேயே இமையும் இறங்கியது. சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து வந்து, விரலை உயர்த்தி மேலேயே பார்க்கச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார், ஒன்று இரண்டு என்று உரக்க எண்ணச் சொன்னார். என் குரல் கொஞ்சம் கொஞ்சமாக மூக்குக்குப் போனது. வேலை செய்யச் செய்யத் தசை சோர்ந்து, ஓய்வெடுத்தால் தேறிக்கொள்கிற வியாதி இது, இதற்குப் பெயரும் உண்டு, மருந்தும் உண்டு, ரத்தப் பரிசோதனையில் உறுதியாகட்டும் என்றார். முதலாளிக்குச் சீட்டும் எழுதினார். விஜயா புடவையை மடிக்கிற சாக்கில் திரும்பி நின்று அழுதாள். நான் திரும்பாமலே அழுதேன்.

"நீங்க குடிகாரர் இல்லை, சோம்பேறி இல்லை, உங்களுக்கு நிஜமாவே வியாதிதான் சார்."

வியாதி இருக்கிறது என்று சொன்னதற்காக டாக்டர் கையை இரண்டு கையாலும் பிடித்து நன்றி சொன்னவன், தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன், அதுவும் இடுப்பில் பட்டுப் புடவைக் கொசுவம் பாதி தொங்க.