டிக்கி பார்க்க வந்தவர்கள்

கார் விற்பவனிடம் எல்லோரும் இன்ஜினைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று நம்பி இந்த வேலைக்கு வந்தேன். எங்கள் பக்கத்திலோ முதலில் டிக்கியைத்தான் திறக்கச் சொல்வார்கள்.

நாலுவழிச் சாலை வந்த புதிது. விருதுநகரில், சூலக்கரைக்குப் போகிற வழியில் எங்கள் ஷோரூம். கம்பெனி ஒரு புது வண்டியை இறக்கியிருந்தது. ஜீப் மாதிரி உயரம், உள்ளே தோல் சீட்டு, குடும்பத்துக்கு ஏற்ற சின்ன உடம்பு. விலை மட்டும் சின்னதில்லை. தீபாவளிக்குள் இதில் ஒன்றாவது போகாவிட்டால் நான் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எனக்கோ அது தலைதீபாவளி. மாமனார் வீட்டுக்கு வேலையில்லாத மாப்பிள்ளையாகவா போவது? விற்பனை வேலையில் இருப்பவர்களே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

லிட்டர் கணக்கு

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற அண்ணாச்சி ஒருவர் வந்தார். மதுரையில் வேறொரு கம்பெனி வண்டியைப் பார்த்துவிட்டு, எங்களுடையதை ஒப்பிட்டுப் பார்க்க வந்திருந்தார். சீட்டை மடக்காமல் இத்தனை லிட்டர், மடக்கினால் இத்தனை லிட்டர் என்று நான் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். அவர் காதில் வாங்கவே இல்லை. தன் காரிலிருந்து காலண்டர் பெட்டிகளை எடுத்துவந்து டிக்கியில் அடுக்க ஆரம்பித்தார். முதல் பெட்டி உட்கார்ந்துவிட்டது. அடுத்ததை, சக்கரத்துக்காக உள்ளே புடைத்திருந்த மேடு இடித்தது. சாய்த்தார், திருப்பினார், பெட்டி மசியவில்லை.

"மதுரை வண்டியில இந்த மேடு இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டேன். எனக்கே தெரிந்துகொள்ள ஆசை. இருக்கிறது, ஆனால் ஒதுங்கி இருக்கிறது என்றார். லிட்டர் எங்களுக்குத்தான் அதிகம் என்று விடாமல் சொன்னேன். பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "லிட்டர்ல அளக்க நான் என்ன அச்சு மையவா ஏத்திட்டுப் போறேன்? சதுரமா எடம் இருந்தாச் சொல்லுங்க தம்பி, வாரேன்."

டிக்கிக்குள் கரண்ட்

அடுத்தவர் பட்டாசுக் கம்பெனி முதலாளி. இவரிடம் லிட்டர் பேச்சையே எடுக்கவில்லை. எங்கள் டிக்கியில் மட்டும் ஒரு பிளக் பாயிண்ட் இருந்தது. போட்டிக் கம்பெனி வண்டியில் கிடையாது. அதைத்தான் துருப்புச் சீட்டாக வைத்திருந்தேன். மூடியைத் திறந்து, ஒரு சின்ன மின்விசிறியைச் செருகிச் சுற்றவிட்டுக் காட்டினேன். மனிதர் சட்டென்று பின்னால் நகர்ந்தார். சரக்கு வைக்கிற அறையில் ஒரு பல்புகூடப் போடாமல் தொழில் நடத்துகிறவர் அவர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் புத்தியை என்ன சொல்ல!

"கார்ல பட்டாசு ஏத்தக் கூடாதுல்ல அண்ணாச்சி? துணிமணி, பெட்டிதானே வைக்கப் போறீக?" என்று சமாளித்தேன். அவர் மறுக்கவில்லை. வண்டியை இன்னொரு சுற்று சுற்றி வந்து, தோல் சீட்டை ஆசையோடு தடவிக்கூடப் பார்த்தார். பிறகு மறுபடியும் பின்பக்கம் வந்து, அந்தப் பிளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். "நான் ஒரு மத்தாப்புக்கூட ஏத்த மாட்டேன் தம்பி. ஆனா சரக்குப் பக்கத்துல கரண்ட்டப் பாத்துட்டேன்ல, இனி இந்த வண்டியில எனக்குக் கண்ணசராது."

ஆடு ஏறிய அன்று

தீபாவளி நெருங்கிவிட்டது. மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். அப்போதுதான் சாத்தூர்ப் பக்கமிருந்து, நிலபுலன் உள்ள ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள், கூடவே ஒரு கிடாயும். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடாய். பழைய காரின் டிக்கி பெட்டி மாதிரி மூடிக்கொள்வதால், போன தடவை ஆடு தனியாக லோடு வண்டியில் போயிருக்கிறது. "ஆத்தாளுக்கு நேந்தது நம்மகூடத்தான வரணும்?" என்றார் அந்த அக்கா. மதுரை வண்டியையும் பார்த்திருந்தார்கள். அதன் டிக்கி நீளம், ஆனால் கூரை தாழ்வு. ஆடு நிமிர்ந்து நிற்குமா என்பதுதான் கேள்வி.

எனக்கும் அதே ஆவல் தொற்றிக்கொண்டது. சாக்கை விரித்து ஆட்டை ஏற்றினோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜரின் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. ஆடு கொம்பு இடிக்காமல் நிமிர்ந்து நின்று, தலையை வெளியே நீட்டியது. காலையில்தான் வண்டியைக் கழுவியிருந்தேன். தூக்கியிருந்த கதவில் தேங்கிய தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஆட்டின் கழுத்தில் விழுந்தது. ஆடு உடம்பெல்லாம் குலுங்க ஒரு சிலுப்புச் சிலுப்பியது.

அக்கா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். கோயிலில் ஆட்டின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள்; அது சிலுப்பினால் அம்மன் சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தம். "ஆத்தா உத்தரவு குடுத்துட்டா. இந்த வண்டிதான்" என்றார். அவர் கணவர் கதவை அண்ணாந்து பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "தண்ணி பட்டா எந்த ஆடுதான் சிலுப்பாது?" என்றார். என் தலைதீபாவளி அந்தக் கதவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆட்டின் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கோயில்ல மட்டும் என்ன, தண்ணி தெளிக்காமலா கேக்கீக?"

தலைதீபாவளிக்கு வேலையோடுதான் போனேன், பிறகு இருக்கன்குடியில் அவர்கள் வைத்த கிடா விருந்துக்கும் மறக்காமல் போனேன், ஆனால் எனக்கு வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தவனை இலையில் பார்க்க மனமில்லாமல் ரசத்தோடு எழுந்துவிட்டேன்.