மெதுவாகிவிட்டது நானா, போனா?

புது அப்டேட் போட்டதிலிருந்து, பச்சைப் பொத்தானைத் தள்ளினாலும் என் போன் அழைப்பை எடுப்பதில்லை. மணியடித்து ஓய்ந்த பிறகுதான் திரை அசைகிறது.

கோயமுத்தூரில் இருக்கும் மகன் இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டான்.

"அம்மா, உங்களுக்கு முன்ன மாதிரி முடியறதில்லீங்க. ஊட்டப் பூட்டிட்டு இங்க வந்துருங்க."

இன்று மீனாட்சிபுரம் போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் போனைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, இந்தப் பழைய போனுக்கு அப்டேட் எதுக்குங்க போட்டீங்க?"

"போடச் சொல்லி அதுதானப்பா கேட்டுது?"

"அது கேக்குமுங்க. நாமதான் போடக்கூடாது."

"அப்பறம் எதுக்குக் கேக்குது?"

அவர் சிரித்தார்.

சொன்னபடி செய்தால் தப்பு என்று நான் படித்த கான்வென்ட்டில் யாரும் சொல்லித்தரவில்லை.

இப்போது இன்னொரு அப்டேட் வந்து நிற்கிறது. இதைப் போட்டால் வேகம் கூடுமாம். போடலாமா, வேண்டாமா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நான் பதில் எழுதத் தாமதமானால், தயவுசெய்து என் மகனிடம் சொல்லிவிடாதீர்கள்.