கல்லறைத் தோட்டத்தில் புல் முளைத்த ஆண்டு

பிரெஞ்சு நாட்டுப் பிரெத்தாஞ் கடற்கரையை ஒட்டிய கெர்வேலெக் ஊரில் பதினான்கு ஆண்டுகளாகக் களைக்கொல்லி தெளித்தவள் ரோசென். நகராட்சி வேலை. நடைபாதை, பள்ளி மைதானம், கல்லறைத் தோட்டம் எங்கும் ஒரு புல் தலைகாட்ட விடமாட்டாள். ஊரே மெச்சியது. அவளுக்கோ கையெல்லாம் தடிப்பு, அடிக்கடி மூக்கில் ரத்தம். தெளிக்கிற வேலையை விட்டுவிடும்படி டாக்டர் சொல்லிச் சலித்துவிட்டார்.

ஓர் ஏப்ரலில் நகராட்சி வாசலில் குடிநீர்ப் பரிசோதனை முடிவை ஒட்டியிருந்தார்கள். ஊர் குடிக்கும் ஓடைநீரில் அளவுமீறிக் கலந்திருந்த ரசாயனத்தின் பெயரை இரண்டு முறை வாசித்தாள். அவளுடைய கேனில் அச்சிட்டிருந்த அதே பெயர். மேட்டிலிருக்கும் கல்லறைத் தோட்டத்து மழைநீர் அந்த ஓடையில்தான் இறங்குகிறது.

நேராக மேயர் எர்வேயின் அறைக்குப் போய், தெளிப்பானை மேசைமேல் வைத்தாள்.

"இனிமே இதைத் தொடமாட்டேன்."

"கல்லறையில புல் மண்டினா செத்தவங்களுக்கு அவமரியாதைன்னு சண்டைக்கு வருவாங்க, ரோசென்."

"செத்தவங்க சும்மாதான் இருக்காங்க. மூக்குல ரத்தம் வர்றது எனக்கு. அந்தத் தண்ணியைக் குடிக்கிறது உங்க பேத்தி."

எர்வே தெளிப்பானை மேசையிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். "நவம்பர் வரைக்கும் டைம். கல்லறைத் தோட்டம் மட்டும். சரியா வரலைன்னா பழையபடிதான்."

மண்வெட்டியால் களை கொத்தினாள். கல்லறைகளுக்கு நடுவே சரளையைக் கிளறிக் குட்டைப் புல்லும் காட்டுப்பூவும் விதைத்தாள். ஜூலையில் பாதி முளைத்து, பாதி சொட்டையாக, பார்க்கச் சகிக்கவில்லை. கணவரைப் பறிகொடுத்த திருமதி லோசாக் வாசலிலேயே மறித்தார்.

"என் வீட்டுக்காரர்மேல ஆடு மேய்க்கப் போறியா?"

"நவம்பர்ல வந்து திட்டுங்க மேடம். இப்பவே திட்டித் தீர்த்துட்டா அப்போ என்ன பண்ணுவீங்க?"

செப்டம்பர் மழைக்கு எல்லாம் நிரம்பியது. நவம்பர் முதல் தேதி, இறந்தவர்களை நினைக்கும் அனைத்துப் புனிதர் நாளில் செவ்வந்தித் தொட்டிகளோடு வந்த சனம் வாசலில் அப்படியே நின்றது. கருங்கல் சிலுவைகளுக்கிடையே ஒரே பச்சை, ஊடே தாமதமாய்ப் பூத்த வெள்ளைப் பூக்கள். திருமதி லோசாக் கணவரின் கல்லருகே தன் தொட்டியை வைத்தார். பிறகு ரோசெனிடம் வந்து, "அந்தாளு உயிரோட இருந்தப்போகூட இவ்வளவு அழகா இருந்ததில்ல" என்றார்.

டிசம்பரில் நகராட்சி உறுப்பினர் கூட்டத்தில் ஊர் முழுக்கத் தெளிப்பை நிறுத்தும் தீர்மானம் வந்தது. பத்தொன்பது பேரில் பதினேழு கைகள் உயர்ந்தன. வரிசைக் கடைசியில் உட்கார்ந்திருந்த ரோசென் கன்னத்தில் கைவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஆண்டு ஓடைநீர் அளவுக்குள் வந்தது. அவள் கைத்தடிப்பும் ஆறியது. அந்த மே மாதம் ஏழு ஊர்களின் நகராட்சி ஆட்கள் வேனில் வந்து இறங்கினார்கள். பதினாறு வயதில் பள்ளியை விட்ட ரோசென் அவர்கள் முன்னால் நின்று, எந்தப் புல், எந்த மாதம், எவ்வளவு ஆழம் என்று இரண்டு மணி நேரம் பேசினாள். ஒருவரும் எழுதுவதை நிறுத்தவில்லை.